திருகோணமலையில் வீடு வீடாக நேரடி விற்பனை: தொடங்குவது முதல் மூன்றாம் மாதக் கணக்கு வரை

கடை போட முதல் இல்லாதவருக்கும், வீட்டில் இருந்தபடி ஏதாவது உழைக்கப் பார்க்கிறவருக்கும் இதை எழுதுகிறேன். ஆறு வருடமாக உவர்மலை, அன்புவழிபுரம், திருக்கடலூர் பக்கம் கறித்தூளும் அரிசிமாவும் கொண்டு திரிகிறேன். என்னோடு கூட வந்து பழகியவர்கள் இருபது பேர் வரை இருக்கும். பாதிக்கு மேல் இரண்டு மாதத்தில் விட்டுவிட்டார்கள். அவர்களில் கதைக்கத் தெரியாததால் விட்டவர் ஒருவரும் இல்லை. முதலில் சாமானை வாங்கினார்கள், பிறகு விலையைப் போட்டார்கள், கடைசியில்தான் யாருக்கு விற்பது என்று யோசித்தார்கள். தலைகீழான ஒழுங்கு.

நேரடி விற்பனையில் என்ன நன்மை என்று கேட்டால், அதே வீடு உங்களிடம் திரும்பத் திரும்ப வாங்கும் என்பதைத்தான் சொல்வேன். முதல் தடவையில் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சாது. இரண்டாம், மூன்றாம் தடவையில்தான் கையில் காசு நிற்கும். கீழே உள்ள படிகளை அந்த இரண்டாம் தடவையை நினைத்தே அடுக்கியிருக்கிறேன். இடையில் தாண்ட வேண்டாம்.

1. தொடங்க முன் கையில் இருக்க வேண்டியவை

இரண்டு சுற்றுக்குச் சாமான் வாங்கக்கூடிய பணம். ஒரு சுற்றுக்கு மட்டும் வைத்துத் தொடங்கினால், முதல் சுற்றில் யாராவது கடன் சொன்ன உடனே அடுத்த சுற்றுக்குச் சாமான் இருக்காது. லோன் எடுத்துத் தொடங்காதீர்கள். வாராவாரம் கட்டும் லோன் என்றால் முதல் வாரமே தவணைக்கு ஆள் வந்து நிற்கும். இந்தத் தொழில் அவ்வளவு விரைவில் காசு தராது.

இரண்டு கொப்பி. ஒன்று வீட்டுக் கொப்பி, மற்றது காசுக் கொப்பி. ஃபோனில் எழுதலாமே என்று கேட்பார்கள். படலையில் நின்று ஃபோனை நோண்டினால் எதிரில் நிற்பவருக்கு நம்பிக்கை குறைகிறது. கொப்பியில் எழுதினால் அவரும் எட்டிப் பார்ப்பார். அது நல்லது.

மூடக்கூடிய பிளாஸ்ரிக் பெட்டி ஒன்று, மாற்றிக் கொடுக்கச் சில்லறைக் காசு, குடை. சில்லறை இல்லாமல் போனால் “பிறகு தாறன்” என்ற பேச்சை நீங்களே தொடக்கி வைப்பது போல.

இன்னொன்று, வீட்டில் இருப்பவரின் சம்மதம். வாரத்தில் எந்த நாட்கள், எத்தனை மணி வரை என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள். பாதியில் நின்ற பெண்களில் நாலைந்து பேர் இதனால்தான் நின்றார்கள்.

2. பொருளுக்கு முன் தெருவைப் பிடியுங்கள்

முதலில் நடந்து போகக்கூடிய இரண்டு மூன்று தெருக்களைத் தெரிவு செய்யுங்கள். அறுபது வீடு போதும். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரமே நிலாவெளி, கிண்ணியா, தம்பலகாமம் என்று ஓடுவார்கள். நிலாவெளிக்கு நகரிலிருந்து 15 கிலோமீற்றர் வாக்கில் இருக்கிறது. போய் நாலு பக்கெற் விற்றுவிட்டு வந்தால் பெற்றோலுக்கே சரி. அதைவிட மோசம், பத்து நாள் கழித்து அதே நாலு வீட்டுக்காக இன்னொரு தரம் அவ்வளவு தூரம் போக மனம் வராது.

தெருவைப் பார்க்கும்போது அங்கே காசு எந்த நாளில் வருகிறது என்று பாருங்கள். உவர்மலைப் பக்கம் அரச சம்பளம் வாங்குகிறவர்கள் அதிகம், 25ஆம் திகதிக்குப் பிறகு கை இளகும். ஓய்வூதியக்காரர் வீட்டில் 10ஆம் திகதி வாக்கில். திருக்கடலூர், பள்ளத்தோட்டம் போன்ற கடற்கரைப் பக்கத்தில் வள்ளம் போய் வந்த நாளில் காசு இருக்கும், கடல் கொந்தளித்தால் இருக்காது. தம்பலகாமத்தில் வெள்ளாமை வெட்டிய பிறகு. இந்த நாட்களை வீட்டுக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். எந்தத் தெருவுக்கு எந்த நாள் போவது என்பதை இதுதான் தீர்மானிக்கும்.

அந்தத் தெருவில் உங்களைத் தெரிந்தவர் ஒருவராவது இருக்க வேண்டும். “இன்னாருடைய மகள்”, “இன்னாரோடு படித்தவன்” என்று ஒரு வீட்டில் சொன்னால் அடுத்த ஐந்து வீட்டுப் படலை திறக்கும். சொந்தக்காரருக்கே விற்று முடிப்பது வேறு கதை. சொந்தக்காரர் முகத்துக்காக வாங்குவார்கள், குறை இருந்தாலும் சொல்ல மாட்டார்கள். முதல் மாதம் அவர்களுக்கு விற்றதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள்.

3. தீர்ந்து போகிற சாமானை எடுங்கள்

திரும்ப வாங்க வேண்டுமென்றால் சாமான் தீர வேண்டும். தூள், அரிசிமா, மோர்மிளகாய், வடகம், நல்லெண்ணெய், சலவைத்தூள், சவர்க்காரம் எல்லாம் இந்த வகை. பிளாஸ்ரிக் வாளி, சட்டி, படுக்கை விரிப்பு விற்கிறவர்களும் இருக்கிறார்கள். அதில் ஒரு விற்பனைக்கு இலாபம் கூட. ஆனால் அதே வீட்டில் அடுத்த வாளி வாங்க ஒரு வருடம் ஆகும், ஒவ்வொரு மாதமும் புதுத் தெரு தேட வேண்டி வரும். அதோடு அவை பெரும்பாலும் தவணைக்குத்தான் போகும்.

சொந்தத் தயாரிப்பா, மொத்தமாக வாங்கி விற்பதா? முதல் மாதம் பிரதான வீதி மொத்தக் கடைகளில் எடுத்து விற்றுப் பழகுங்கள் என்பது என் எண்ணம். தயாரிப்பையும் விற்பனையையும் ஒரே நேரத்தில் தொடங்கினால், சாமான் போகாததற்குக் காரணம் தூளின் ருசியா உங்கள் கதையா என்று கண்டுபிடிக்க முடியாது. தெரு பழகிய பிறகு சொந்தத் தூளைக் கொண்டு போங்கள். அதன் நன்மை பெரியது. உறைப்புக் கூட, மல்லி மணம் காணாது என்று அந்த வீட்டுக்காரரே சொல்வார், அடுத்த சுற்றுக்குள் திருத்தி விடலாம். கடையில் போட்டிருந்தால் அந்தக் குறை உங்கள் காதுக்கு வந்தே இருக்காது, பக்கெற் மட்டும் திரும்பி வந்திருக்கும்.

விலக்க வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். முகம் வெளுக்கும் என்று விற்கும் பெயர் தெரியாத கிரீம்களைத் தொடாதீர்கள். இவற்றில் பாதரசம் கலந்தவை உண்டு. தோலோடு நிற்காமல் சிறுநீரகத்தையும் கெடுக்கும். வருத்தம் மாறும் என்று சொல்லி விற்கும் சத்துமா, மாத்திரை வகைகளும் வேண்டாம். ஒருவர் அதை நம்பித் தன் மருந்தை நிறுத்தினால் பொறுப்பு உங்கள் தலையில்.

4. கம்பனியில் சேரச் சொன்னால் கேட்க வேண்டிய மூன்று கேள்வி

நேரடி விற்பனை என்றதும் யாராவது உங்களை ஒரு மீற்றிங்குக்குக் கூப்பிடுவார்கள். ஹோட்டல் மண்டபம், ஏசி, கழுத்துப்பட்டி கட்டிய ஒருவர், திரையில் கார். நானும் ஒன்றுக்குப் போய் இரண்டு மணி நேரம் இருந்தேன். சாமானின் விலையைச் சொல்லவே இல்லை.

எல்லாக் கம்பனியும் மோசம் என்று சொல்ல வரவில்லை. சாமானை விற்றால் கழிவு (கொமிஷன்) தரும் ஒழுங்கான முகவர் வேலைகள் உண்டு. இந்த மூன்றையும் கேட்டால் பிரித்தறியலாம். ஒருவரையும் சேர்க்காமல் சாமானை மட்டும் விற்றால் எனக்கு மாதம் என்ன கிடைக்கும்? சேராத ஒருவர் இந்த விலை கொடுத்து இந்தச் சாமானை வாங்குவாரா? விற்காத சாமானைத் திருப்பிக் கொடுத்தால் காசு வருமா? மூன்றுக்கும் நேரான பதில் இல்லையென்றால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வாருங்கள்.

புது ஆட்களைச் சேர்த்தால் காசு வரும் என்று சொல்லும் திட்டத்தில் ஏன் காசு இல்லை என்பதைக் கணக்கில் பாருங்கள். ஒருவர் ஆறு பேரைச் சேர்க்கிறார், அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேர். 6, 36, 216 என்று போய் ஏழாவது படியில் 279,936. எல்லாப் படியையும் கூட்டினால் 335,922 பேர். 2012 குடிசன மதிப்பீட்டில் திருகோணமலை மாவட்டத்தின் மொத்தச் சனத்தொகை சுமார் 3 இலட்சத்து 80 ஆயிரம்தான், கைக்குழந்தையும் சேர்த்து. கடைசிப் படியில் நிற்பவருக்குச் சேர்க்க ஆள் எங்கே?

சட்டமும் இருக்கிறது. பங்கேற்பவர் பணம் கட்டி, அவருடைய வரும்படி பெரும்பாலும் ஆட்கள் கூடுவதிலோ அவர்கள் கட்டும் பணம் கூடுவதிலோ தங்கியிருந்தால், அது 1988ஆம் ஆண்டின் 30ஆம் இலக்க வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவின்படி தடைசெய்யப்பட்ட திட்டம். தொடங்கியவர் மட்டுமல்ல, அதை மற்றவர்களிடம் பரப்புகிறவரும் குற்றவாளியாகலாம். சிறையும் உண்டு, அபராதமும் உண்டு. தடை செய்த திட்டங்களின் பெயர்ப்பட்டியலை இலங்கை மத்திய வங்கி தன் இணையத்தளத்தில் போட்டிருக்கிறது. சேர முன் ஒருதரம் பாருங்கள். பட்டியலில் பெயர் இல்லாததால் நல்லது என்றும் நினைக்க வேண்டாம். மூன்று கேள்வியையும் அப்போதும் கேளுங்கள்.

5. விலைக் கணக்கு

இந்தப் படியில்தான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். கீழே உள்ள தொகைகள் கணக்கை விளக்கப் போட்டவை. மிளகாய் விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும், உங்கள் தொகையை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள்.

250 கிராம் தூள் பக்கெற் ஒன்று. மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம், சின்னச்சீரகம், மிளகு, வெந்தயம், கறிவேப்பிலை, வறுக்கிற காஸ், மில் கூலி, பை, லேபல் எல்லாம் சேர்த்து 410 ரூபா என்று வைப்போம். விற்கும் விலை 550. ஒரு பக்கெற்றில் 140 மிச்சம்.

ஒரு நாள் சுற்றுக்குப் பெற்றோல் 300, சாப்பாடு தேத்தண்ணி 250, மாதிரிக்குக் கொடுத்தது 100, ஃபோன் 50. மொத்தம் 700. ஐந்து பக்கெற் விற்கும் வரை அந்த 700 ரூபாவைத்தான் மீட்கிறீர்கள். ஆறாவது பக்கெற்றில்தான் உங்கள் கூலி தொடங்குகிறது. பன்னிரண்டு விற்றால் 980 ரூபா கையில். அதே தெரு நடக்கும் தூரத்தில் இருந்தால் பெற்றோல் இல்லை, மூன்று பக்கெற்றிலேயே செலவு கழிந்துவிடும். தெருவை முதலில் பிடிக்கச் சொன்னதன் காரணம் இப்போது விளங்கும்.

தமது கூலியைப் போட மறப்பதும் உண்டு. வறுக்க அரை நாள், மில்லில் காத்திருக்க ஒரு மணி நேரம், பக்கெற் போட ஒரு மாலை. இதையெல்லாம் மணித்தியாலமாகக் காசுக் கொப்பியின் ஓரத்தில் எழுதுங்கள். இன்றைக்குக் காசாகப் போடாவிட்டாலும், மூன்றாம் மாதம் தேவைப்படும்.

கடைக்குப் போட்டால் கடைக்காரர் பக்கெற்றுக்கு 80 ரூபா எடுத்துக்கொண்டு, விற்ற காசை இரண்டு மூன்று வாரம் கழித்துத் தருவார். நேரடியாக விற்றால் அந்த 80 உங்களுக்கு, காசும் அன்றே. இதைத்தான் எல்லோரும் நேரடி விற்பனையின் இலாபம் என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த 80 உங்கள் கால் நடைக்குக் கூலி. கடைக்காரர் செய்யும் வேலையை நீங்கள் செய்கிறீர்கள், அவ்வளவுதான். அன்றே காசு வருவது மட்டும் சுத்தமான நன்மை, ஏனென்றால் அந்தக் காசில் நாளைக்கே மிளகாய் வாங்கலாம். சின்ன முதலீட்டை மாதத்தில் மூன்று நாலு தரம் உருட்ட முடிவது இதனால்தான்.

கடையை விட விலை குறைத்துப் போடாதீர்கள். குறைத்தால் தரம் குறைவு என்று நினைப்பார்கள். பிறகு ஏற்றும்போது சண்டை. கடை விலைக்கே கொடுத்து, நிறையில் ஒரு கரண்டி கூடப் போடுங்கள்.

6. பதிவும் லேபலும்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் தள்ளிப் போடாதீர்கள். கிராம சேவகரிடம் உறுதிப்படுத்தல் எடுத்து, உங்கள் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதியலாம். நகரத்தவருக்கு அது பட்டினமும் சூழலும் பிரதேச செயலகம். பதிவு இருந்தால் வங்கியில் வியாபாரக் கணக்குத் திறக்கலாம், ஹோட்டல்காரர் பில் கேட்டால் கொடுக்கலாம்.

உணவுச் சாமான் என்றால் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் உங்களுக்கும் பொருந்தும். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் நீங்களே போய், இன்ன இடத்தில் செய்கிறேன் என்று சொல்லுங்கள். அவர் தேடி வரும் வரை இருப்பதைவிட இது லேசு. பக்கெற்றில் பொருளின் பெயர், சேர்மானங்கள், தேறிய நிறை, தயாரித்த திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், உங்கள் பெயர் முகவரி இருக்கட்டும். தமிழோடு சிங்களத்திலும் போட்டுவிடுங்கள். நம் ஊரில் இரண்டும் வேண்டும். தராசுக்கு வருடாந்த முத்திரை இருக்க வேண்டும்.

கம்பனிப் பக்கெற்றை வாங்கி விற்கிறீர்கள் என்றால், அதில் அச்சடித்த உச்ச சில்லறை விலைக்கு மேல் ஒரு ரூபாவும் வாங்க முடியாது. “வீட்டுக்குக் கொண்டு வந்து தாறன், ஒரு இருபது கூட” என்பது செல்லாது. முறைப்பாடு சொல்லப் பாவனையாளர் அதிகாரசபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கம் எல்லோருக்கும் தெரியும்.

வருமான வரிக்கு 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா வரை விலக்கு. தொடக்கத்தில் யாரும் அந்தப் பக்கம் போகப் போவதில்லை. கொப்பியை மட்டும் ஒழுங்காக வைத்திருங்கள்.

7. முதல் சுற்று: படலையில் என்ன சொல்வது

காலை ஒன்பதரைக்கு முன் போகாதீர்கள், பிள்ளைகளை அனுப்பிக் கூட்டிப் பெருக்குகிற நேரம். பத்திலிருந்து பதினொன்றரை நல்ல நேரம். அடுப்பு வேலை தொடங்கியிருக்கும், தூளைப் பற்றிக் கதைக்கப் பொருத்தம். பின்னேரம் நாலரைக்கு மேல் ஒரு மணி நேரம். இருட்டினால் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். தனியாகப் போகும் பெண்கள் முதல் இரண்டு சுற்றுக்குத் துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள். தெரியாத வீட்டுக்குள் ஏறாமல் விறாந்தையோடு நில்லுங்கள்.

சொல்ல வேண்டியது மூன்று வசனம். நீங்கள் யார், எங்கிருந்து வருகிறீர்கள், என்ன சாமான், என்ன விலை. “அக்கா, நான் அன்புவழிபுரத்திலிருந்து வாறன். வீட்டில் வறுத்து மில்லில் இடித்த தூள், கால் கிலோ ஐந்நூற்றைம்பது. ஒரு கறிக்கு இந்த மாதிரியைப் போட்டுப் பாருங்கோ, வியாழக்கிழமை வாறன்.” அவ்வளவுதான். விலையைக் கடைசி வரை மறைக்காதீர்கள். விலை தெரியாமல் நின்று கதை கேட்பவர், தெரிந்ததும் ஏமாந்ததுபோல் முகத்தை வைத்துக்கொள்வார்.

முறையைப் பார்த்துக் கூப்பிடுங்கள். நகரில் அக்கா, அன்ரி போதும். கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் ராத்தா (அக்கா), நானா (அண்ணா) என்றால் முகம் மலரும். சிங்கள வீடுகளுக்குப் போக எண்ணிக்கையும் நாலு வார்த்தையும் பழகிக்கொள்ளுங்கள். பிழையாகச் சொன்னால் சிரித்துத் திருத்துவார்கள், அதுவே அறிமுகம்.

என்னோடு வந்த தங்கச்சி ஒருத்தி ஒவ்வொரு படலையிலும் தன் கஷ்டத்தைச் சொல்லியே விற்றாள். முதல் சுற்றில் என்னைவிட அதிகம் விற்றாள். இரண்டாம் சுற்றில் பாதி வீட்டில் யாரும் வெளியே வரவில்லை. பாவம் பார்த்து வாங்கியவர் தன் உதவியைச் செய்து முடித்துவிட்டார், அவரிடம் மறுபடி போவது கை நீட்டுவது மாதிரி. தூளுக்காக வாங்கியவரிடம் அந்தச் சிக்கல் இல்லை.

மாதிரியை ஒரு கறிக்கு மட்டும் போதுமான அளவில் கொடுங்கள். கூடக் கொடுத்தால் ஒரு வாரத்துக்கு அவருக்குத் தூள் தேவைப்படாது. சொன்ன நாளில் கட்டாயம் போக வேண்டும். வியாழன் என்று சொல்லி வெள்ளி போனால், வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு பல வீடுகளில் காசு வெளியே கொடுக்க மாட்டார்கள். செவ்வாயும் அப்படித்தான். கருவாடு விற்கிறவர்கள் வெள்ளிக்கிழமை அந்தப் பக்கமே போக வேண்டாம். முஸ்லிம் வீடுகளுக்கு வெள்ளி மதியம் ஜும்ஆ நேரம் விலக்கு.

இன்னொரு சின்ன எச்சரிக்கை. சைக்கிளில் சாமானைத் திறந்து வைத்துவிட்டுப் படலைக்குப் போகாதீர்கள். கோட்டைப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தபோது, புள்ளிமான் ஒன்று என் கச்சான் பைக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றது. மூடக்கூடிய பெட்டி என்று முதலில் எழுதியது மழைக்காக மட்டும் இல்லை.

8. கடன் கொப்பி

கடனே கொடுக்காமல் நம் ஊரில் வீடு வீடாக விற்க முடியாது. முடியும் என்பவர் விற்றுப் பார்க்காதவர். ஆனால் ஒழுங்கு வேண்டும்.

முதல் தடவை வாங்குபவருக்குக் கடன் இல்லை. இரண்டாம் தடவையிலிருந்து ஒரு பக்கெற் மட்டும். பழையது கட்டாமல் புதியது இல்லை. எப்போது தருவார் என்பதை அவர் வாயால் சொல்ல வைத்து, அவர் முன்னாலேயே எழுதுங்கள்: “சம்பளம் வந்த பிறகு, 26ஆம் திகதி.” திகதி இல்லாத கடன் கடன் இல்லை, தானம். மொத்தக் கடன் ஒரு சுற்றின் இலாபத்தைத் தாண்டக்கூடாது. மேலே போட்ட கணக்கில் பார்த்தால் ஆயிரம் ரூபா வாக்கில், அதாவது இரண்டு பக்கெற். சிரிக்காதீர்கள், தொடக்கத்தில் அவ்வளவுதான் தாங்கும்.

நான் இதைப் பட்டுத்தான் படித்தேன். இரண்டாம் வருடம் கடற்கரைப் பக்கத் தெரு ஒன்றில் பதினொரு வீட்டுக்கு ஆளுக்கு இரண்டு பக்கெற் கடன் கொடுத்தேன். நல்ல சனம், ஏமாற்றுகிறவர்கள் இல்லை. அந்த வாரமே காற்று மாறி, பதினைந்து நாள் வள்ளம் போகவில்லை. காசு வந்து சேர நாலு மாதம் ஆயிற்று. அதைத் தாங்கியிருப்பேன். என் சைக்கிள் மணி கேட்டால் மூன்று வீட்டில் கதவைச் சாத்தினார்கள். கொடுக்க இல்லாத வெட்கம். என்னிடம் கடன் இருந்ததால் தூளைக் கடையில் காசுக்கு வாங்கினார்கள். கொடுத்த கடன் வாடிக்கையாளரையும் சேர்த்துக் கொண்டுபோகும் என்பது அன்றுதான் உறைத்தது.

இப்போது அப்படி ஒரு வீடு தெரிந்தால் நானே படலையில் நின்று, “அக்கா, அது கிடக்கட்டும், இருக்கிறபோது தாங்கோ, இன்றைக்குச் சின்னப் பக்கெற் காசுக்கு எடுங்கோ” என்பேன். 100 கிராம் பக்கெற் அதற்காகவே போடுகிறேன். பழையதும் மெதுவாக வந்துவிடும். மற்றவர் முன்னால் ஒருபோதும் கடனைக் கேட்காதீர்கள்.

9. இரண்டாம் சுற்று: இதுதான் தொழில்

நாலு பேர் உள்ள வீட்டில் 250 கிராம் தூள் பத்துப் பன்னிரண்டு நாள் வருகிறது, என் கொப்பியின்படி. வீட்டுக் கொப்பியில் ஒவ்வொரு வீட்டுக்கும் வாங்கிய திகதியையும் தீரப்போகும் திகதியையும் எழுதி, தீர இரண்டு நாள் இருக்கும்போது போய் நில்லுங்கள். தீர்ந்த பிறகு போனால் கடையில் வாங்கியிருப்பார். வாங்கி நாலாம் நாள் போனால் தொல்லை.

போனதும் விற்காதீர்கள், கேளுங்கள். “உறைப்பு எப்படி? மீன் கறிக்குச் சரிவந்ததா?” குறை சொன்னால் வாதாடாமல் எழுதுங்கள். வண்டு விழுந்தது, மணம் மாறியது என்றால் அதே இடத்தில் புதுப் பக்கெற் கொடுங்கள். 410 ரூபா போகும். அந்தக் கதை அந்தத் தெருவின் கடைசி வீடு வரை நடக்கும், எந்தப் பக்கமாக நடக்க வேண்டும் என்பது உங்கள் கையில்.

அறுபது வீட்டுக்குப் போனால் பதினைந்து வீடு முதல் பக்கெற் வாங்கும், அதில் ஏழெட்டு வீடு மறுபடி வாங்கும். என் கணக்கு அப்படித்தான் இருந்தது. சோர்ந்து போகாதீர்கள், அந்த ஏழெட்டைச் சேர்த்துச் சேர்த்து நாற்பது வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும். எனக்கு அதற்கு ஏழு மாதம் எடுத்தது.

நாற்பது வீடு, வீட்டுக்கு மாதம் இரண்டரைப் பக்கெற், ஆக 100 பக்கெற். 140 வீதம் 14,000 ரூபா. மாதம் எட்டுச் சுற்றுக்கு 5,600 செலவு போனால் 8,400. உழைப்புக்கு இது காணாது. இந்த இடத்தில் புதியவர்கள் இன்னும் நாற்பது வீடு தேடி ஓடுவார்கள். வேண்டாம். அதே நாற்பது வீட்டுக்கு இரண்டாவது சாமான் கொண்டு போங்கள். வறுத்த அரிசிமா, பக்கெற்றுக்கு 90 ரூபா மிச்சம், வீட்டுக்கு மாதம் இரண்டு என்றால் 80 பக்கெற், 7,200 ரூபா. பெற்றோலும் நடையும் ஏற்கெனவே கழிந்துவிட்டதால் அந்த 7,200 முழுதாக நிற்கும். மொத்தம் 15,600. பிறகு மூன்றாவது சாமான். வீட்டைக் கூட்டினால் செலவும் கூடவே வரும், சாமானைக் கூட்டினால் அவ்வளவாக வராது.

ஆனால் இரண்டாம் சாமானை முதல் சுற்றிலேயே கொண்டு போகாதீர்கள். பெட்டியில் பத்து வகை இருந்தால் கிளறிப் பார்ப்பார்கள், ஒன்றும் எடுக்க மாட்டார்கள்.

10. வாட்ஸ்அப்

வீட்டுக்கு ஒருதரமாவது நேரில் போன பிறகே நம்பர் கேளுங்கள். குழு தொடங்க வேண்டாம். ஒருவர் “போன முறை உறைப்புக் கூட” என்று போட்டால் நாற்பது பேரும் படிப்பார்கள். தனித்தனியே குரல் பதிவு அனுப்புங்கள்: “அன்ரி, நாளை பத்து மணிக்கு வாறன், தூள் எடுத்து வைக்கவா?” பதில் வந்த வீடுகளை வைத்துச் சாமானைக் கட்டினால் வீண் சுமை இல்லை. படத்தோடு விலையையும் போடுங்கள். “விலைக்கு இன்பொக்ஸ் வாங்கோ” என்பது எனக்குப் பிடிக்காத பழக்கம், பலர் கேட்காமலே போய்விடுவார்கள்.

11. மழையும் மாதமும்

ஐப்பசி தொடங்கித் தை வரை வாடை மழை. அந்த மாதங்களில் தூளும் மாவும் ஈரம் இழுக்கும். வெயில் கண்ட நாளில் வறுத்து, சிறிது சிறிதாக இடியுங்கள். ஒரு மார்கழியில் இருபது கிலோ மாவை ஒன்றாக அரைத்து வைத்துப் பாதியைக் கொட்டினேன். மறுபக்கம், மழையில் ஆட்கள் கடைக்குப் போகப் பஞ்சிப்படுவார்கள், குடையோடு வந்து நிற்பவரிடம் வாங்குவார்கள். சுற்றைக் குறைக்காதீர்கள், சாமானின் அளவை மட்டும் குறையுங்கள்.

மே தொடங்கிச் செப்டெம்பர் வரை உப்புவெளி, நிலாவெளி விருந்தினர் விடுதிகளில் ஆட்கள் நிறைவார்கள். விடுதிச் சமையல்காரர் கிலோக்கணக்கில் தூள் எடுப்பார். நல்லதுதான், ஆனால் காசு மாத முடிவில் என்பார்கள். அதற்குத் தனி முதல் இருந்தால் மட்டும் தொடுங்கள். வீட்டுச் சுற்றின் காசை அங்கே முடக்கினால், சீசன் முடியும்போது வீடுகளும் கை நழுவியிருக்கும்.

நோன்பு மாதத்தில் கிண்ணியாப் பக்கம் காலையில் போகாதீர்கள், பின்னேர அஸர் தொழுகைக்கு முன் போங்கள். தைப்பொங்கல், சித்திரை வருடப் பிறப்புக்குப் பத்து நாள் முன் இரட்டிப்பாகப் போகும், அடுத்த பத்து நாள் ஒன்றும் போகாது. சேர்த்துப் பார்த்தால் வழக்கமான மாதம்தான்.

12. மூன்றாம் மாதக் கணக்கு

தொண்ணூறு நாள் முடிந்ததும் காசுக் கொப்பியைத் திறந்து, சொந்தக்காரர் வாங்கியதைக் கழித்து, ஒரே ஒரு தொகையைப் பாருங்கள்: மூன்று தரமும் அதற்கு மேலும் வாங்கிய வீடு எத்தனை? பத்துக்கு மேல் என்றால் தொடருங்கள், மாத வருமானம் இன்னும் சிறிதாக இருந்தாலும். ஐந்துக்குக் கீழே என்றால் சாமானையோ தெருவையோ மாற்றுங்கள், இரண்டையும் ஒன்றாக மாற்ற வேண்டாம். இடையில் நின்றால் இன்னும் ஒரு மாதம் பாருங்கள்.

ஓரத்தில் எழுதிய மணித்தியாலங்களையும் கூட்டி, மிஞ்சிய காசை அதனால் வகுத்துப் பாருங்கள். உங்களுக்குக் கிடைக்கக்கூடிய வேறு வேலையின் மணிக்கூலியைவிட மிகவும் குறைவாக இருந்து, ஆறாம் மாதத்திலும் ஏறவில்லையென்றால் நிறுத்துவதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

நிறுத்துவதென்றால் சொல்லாமல் நிற்காதீர்கள். கடைசிச் சுற்று ஒன்று போய், மிச்சச் சாமானை விற்று, கடனை வாங்கி, இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். வீட்டுக் கொப்பியையும் எறியாமல் இதே தொழில் செய்யும் யாரிடமாவது கொடுங்கள், அந்த வீடுகளுக்கு ஒருநாள் அவரோடு சேர்ந்து போய் அறிமுகமும் செய்து வையுங்கள். பாலையூற்றில் இப்போது என்னிடம் வாங்கும் பதினாறு வீடும் இன்னொருத்தி விட்டுப் போன கொப்பியிலிருந்து வந்தவை.